படகைத் தொடாமல்

மல்லாந்து படுத்துவிட்டாள்.

முதுகுக்குக் கீழே கடல். முகத்துக்கு நேரே வெயில். தோள் இரண்டும் கழன்று விழுந்துவிடும்போல் வலி. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டால் போதும், மிச்சத்தை நீந்திவிடலாம்.

போன வருஷமும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் படுத்தாள்.

அதுதான் வினையாய்ப் போயிற்று.

குப்பத்து நீச்சல் போட்டிக்குச் சட்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பாதுகாப்புப் படகைத் தொட்டால் அவுட். படகில் இருப்பவன் கை பட்டாலும் அவுட்.

போன வருஷம் படகில் நின்றவன் எத்திராஜ். அவள் புருஷன். கடலில் அசையாமல் எது மிதந்தாலும் வாரிப் படகில் போட்டே பழகிய கை. கண்ணை மூடி இளைப்பாறிக்கொண்டிருந்தவளை, "ஐயோ, போய்ட்டியா தேசம்மா!" என்று அலறியபடி அக்குளில் கைகொடுத்து, ஒரே இழுப்பில் உள்ளே போட்டுவிட்டான்.

கரை, கூப்பிடு தூரத்தில் இருந்தது.

குப்பமே வயிறு வலிக்கச் சிரித்தது. மீன் வாங்க வருகிறவர்கள்கூட, "இன்னாம்மா, உன்னையே புடிச்சுனு வந்துட்டாராமே?" என்று கேட்டார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தாறு வயதில், ஊர்ப் பேச்சை எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு நீந்தப் போனவள். மாசக்கணக்கில் அவனை வறுத்து எடுத்தாள்.

இந்த வருஷமும் அவன் படகுதான். எஞ்சினைப் பிடிக்க அவள் தம்பி கஜபதி. காலையில் கரையிலேயே சொல்லிவிட்டாள்.

"யோவ், நான் செத்தே மெதந்தாலும் என் மேல கை வெக்காத."

எத்திராஜ் படகைத் தள்ளப் போய்விட்டான்.

இப்போது எஞ்சின் சத்தம் நெருங்கி வந்தது. நின்றது. படகின் வயிற்றில் அலை தட்டுவது காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

போச்சு. இழுக்கப் போகிறான்.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கை வரவில்லை.

"தேசம்மா..." எத்திராஜின் குரல். "சும்மாதான படுத்துனுகீற?"

"ஆமாய்யா! தள்ளிப் போ!"

குப்புறப் புரண்டாள். அந்தக் கோபத்திலேயே பாதித் தூரம் போய்விட்டாள். முழுக்கைச் சட்டையும் நீச்சல் கண்ணாடியுமாக முன்னால் போன ஒரு கல்லூரிப் பையனை முந்தினாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

கடைசி அலை தூக்கி மணலில் வீசியது. எழுந்தாள். முழங்கால் மடங்கி விழுந்தாள். மறுபடி எழுந்து, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினாள்.

மீன்காரிகள் விசிலடித்தார்கள். யாரோ பட்டாசு வைத்தார்கள். எத்தனையாவதாக வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

"வந்துட்டேன்டா டேய்!"

கடலைப் பார்த்து, இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள். உடம்பெல்லாம் சிரிப்பாக இருந்தது.

படகில் கஜபதி எழுந்து துண்டைச் சுழற்றினான். எத்திராஜ் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. கையைக்கூட ஆட்டவில்லை.

அவளுக்குச் சுருக்கென்றது. அவ்வளவு கோபமா? காலையில் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டதோ?

படகு கரையோரம் வந்தது.

எத்திராஜ் அழுதுகொண்டிருந்தான். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. அவன் இரண்டு மணிக்கட்டையும் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த வலைக்கயிற்றை, கஜபதி குனிந்து அவிழ்த்துக்கொண்டிருந்தான். நனைந்த முடிச்சு. லேசில் வரவில்லை.

"நீ மல்லாந்தத பாத்ததும், 'கட்றா என் கைய'ன்னுச்சு மாமா," என்றான் கஜபதி. "கயித்த இன்னா இழு இழுத்துச்சு தெரியுமாக்கா."

கயிறு அறுத்த இடம் சிவந்திருந்தது.

கரையில் அவள் பெயரைச் சொல்லி மைக்கில் கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் மறுபடி இறங்கிப் போய், படகைத் தொட்டாள்.