நகக்கண்ணில் கறுப்பு

மாலை அசர் தொழுகைக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. பள்ளிப்பட்டு பஸ் போகும் சாலையோரம், தன் பைக் பட்டறையில், பழைய டயர் மேல் உட்கார்ந்து ஷபியுல்லா வேதத்தைத் தமிழில் படிக்கிறான். ஒவ்வொரு வரியையும் தனக்கே சொன்னதுபோல இரண்டு முறை படிக்கிறான். கையை மண்ணெண்ணெயிலும் சோப்பிலும் கழுவி, தொழுகைக்கான சுத்தமான ஒளுவும் செய்தாயிற்று. நகக்கண்ணில் கறுப்பு போகாததால் ஐஸ் குச்சியால் பக்கம் திருப்புகிறான். டீ கொண்டுவந்த மனைவி பர்ஹீன் அந்தக் குச்சியையே பார்த்து நிற்கிறாள். இந்தக் கைக்குப் பயந்து அம்மா வீட்டுக்குப் போனவள், மாறிவிட்டேன் என்ற அவன் சொல்லை நம்பிப் போன மாதம்தான் திரும்பி வந்தாள். தணிகைமணி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். “என்னா ஸ்பேனர் ஷபி, நீ பாத்த பிரேக்கு புடிக்கவே இல்ல. ஓதிகினே வேல பாத்தா இப்டிதான்.” ஸ்பேனரால் ஒருத்தன் மண்டையை உடைத்ததற்கு ஊர் வைத்த பெயர் அது. பர்ஹீனின் பார்வை குச்சியிலிருந்து ஸ்பேனருக்குப் போகிறது. ஷபியுல்லா விட்ட வரியை உதட்டசைவில் முடித்து, குச்சியை உள்ளே வைத்துப் புத்தகத்தை மூடுகிறான். ஸ்பேனரை எடுக்கிறான். வண்டியருகே போய் மண்டியிடுகிறான். “ஆங், நான்தான் சரியா பாக்கலண்ணா. டீ குடிச்சிகினு இருங்க.” தணிகைமணி பர்ஹீனிடம் டம்ளரை வாங்கிக்கொண்டு வேப்பமர நிழலுக்கு நகர்கிறான். சாய்ந்த வெயில் சக்கரக் கம்பிகளில் மின்னுகிறது. தலை நிமிராமல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி, ஷபியுல்லா கேட்கிறான்: “கோவம் வந்துச்சி பர்ஹீன். மூஞ்சில தெரிஞ்சிதா?”