மூன்றாம் முடிச்சு

குழந்தை பின் சீட்டிலேயே தூங்கிவிட்டிருந்தது. “எழுப்பாத, அழுவான். முடிச்சுப் போட்டதும் ஓடியாந்துடலாம்” என்று காரைப் பூட்டினான் சுகந்தியின் கணவன். அவள் தம்பிக்குக் கல்யாணம். தாலியின் மூன்றாம் முடிச்சை அக்காதான் போட வேண்டும். மண்டபத்துக்கு வெளியே, சித்திரை வெயிலில், வண்டிகள் வரிசையாக நின்றன.

மேடையில் மந்திரம் நீண்டுகொண்டே போனது. ஒருவழியாக ஐயர் விரலை உயர்த்த, கெட்டிமேளம் முழங்கியது. அந்த நேரத்தில் அபசகுனமாக ஒரு தும்மல்கூடக் காதில் விழக் கூடாது என்றுதான் அப்படி அடிப்பார்கள். சுகந்தி முடிச்சை இறுக்கினாள். மேளம் ஓய்ந்தது. ஒரு தட்டல் மட்டும் ஓயவில்லை. கண்ணாடியில் உள்ளங்கையால் அடிப்பதுபோல், மெத்தென்று, விட்டு விட்டு.

திரும்பிப் பார்த்தாள். தவில்காரர் விரல்கூடுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“இன்னும் யாருங்க தட்டுறது?”

“யாரும் தட்டலையேம்மா.”

தலையில் விழுந்த அட்சதையோடு மேடையை விட்டு இறங்கி ஓடினாள். வாசலில் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. வண்டிகளுக்கு நடுவே புகுந்து ஓடினாள். காரை நெருங்க நெருங்க, அது குறைந்துகொண்டே வந்தது.