நாலாவது தெளிப்பு

காயவைக்கும் கொட்டகையில் நான்கு பேர் இருக்கிறார்கள். இருக்கிற ஒரே நாற்காலியில் மருந்து கம்பெனிக்காரர். கவிழ்த்த பெட்டியின் மேல் மச்சான். தரையில் பூண்டுக் குவியலுக்கு நடுவே அக்கா. ஜன்னலோர மேஜையில், விவசாயிகள் சங்கத்துக்குக் கடிதம் எழுத வந்த தம்பி. இலையில் அடித்த சத்து மருந்தால் விளைச்சல் ஒன்றரை மடங்கு என்று, சங்கம் நம்புகிற அவன் எழுதிக் கொடுத்தால் மச்சானுக்கு ஏஜென்சி கிடைக்கும். சங்கமும் எல்லாரையும் தெளிக்கச் சொல்லும். மதிய வெயிலில் தகரக் கூரை காய்கிறது. பூண்டு அழுகிய நாற்றம் கொட்டகை முழுக்க நிற்கிறது. மூன்று தெளிப்போடு நிறுத்தியிருக்க வேண்டும். பூண்டின் தாள் பழுத்துப் பிடுங்கும் பருவம் வந்த பிறகும் மச்சான் நாலாவது முறை அடித்தார். பிடுங்கிய அன்றே ஈரத்தோடு எடை போட்டுப் படமும் எடுத்துக்கொண்டார்கள். இருபது நாள் கழித்து இப்போது அக்கா ஒரு பூண்டை அழுத்துகிறாள். சீழ் மாதிரி மஞ்சளாக விரலிடுக்கில் வழிகிறது. அதில் ஒரு ஈ வந்து உட்காருகிறது.

“எடை கூடினது நிஜம்தானே மாப்ளே, அதை மட்டும் எழுதேன்” என்கிறார் மச்சான். “உடம்பு வீங்கினவனைப் பார்த்துக் கொழுத்துட்டான்னு சொல்ற மாதிரி இருக்கு” என்கிறாள் அக்கா. கம்பெனிக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி சிரிக்கிறார். “இதெல்லாம் கொட்டகை ஈரத்துல வர்றதுங்க.” அதே கொட்டகையில், தெளிக்காமல் விட்ட ஒரு பாத்தியின் பூண்டு காய்ந்து கலகலக்கிறது. தம்பி அந்தச் சிரிப்பைப் பார்க்கிறான், பிறகு பேனாவை எடுக்கிறான். எழுதி முடித்துச் சத்தமாகப் படிக்கிறான்: “பிடுங்கிய நாளில் எடை ஒன்றரை மடங்கு. இருபதாம் நாளில் பாதிக்கு மேல் அழுகல். தெளிக்காத பாத்தியில் அழுகல் இல்லை.” மச்சான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுகிறாள். கணவனைப் பார்க்காமல் கடிதத்தை உறையில் போட்டுப் பசை தடவி, அழுத்தி ஒட்டி, வாசலுக்கு வந்த தபால்காரரிடம் தன் கையாலேயே கொடுக்கிறாள்.