மாதிரி கொடுத்தால்

சட்டைப் பையில் கனம்.

குனிந்தால் முன்னால் தொங்கியது. நிமிர்ந்தால் நெஞ்சில் இடித்தது. அதனால் அவன் குனியவும் இல்லை, நிமிரவும் இல்லை. துப்பாக்கிக் கடையின் கண்ணாடி மேசைக்கு முன்னால் கோணலாக நின்றுகொண்டிருந்தான்.

மனைவி அதைக் கவனிக்கவில்லை. மேசையில் இரண்டு போல்ட் கேரியர்கள் இருந்தன. அவள் கண் முழுக்க அதில்தான்.

ரைபிளுக்குள் முன்னும் பின்னும் ஓடுகிற இரும்புத் துண்டு. அவளுடையது தேய்ந்துவிட்டது. நடுவில் திக்குகிறது. சனிக்கிழமை திருச்சியில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி. நாற்பத்திரண்டு வயதில், கணக்கு டீச்சர் வேலைக்கு நடுவில், முதல்முறையாகத் தேர்வாகியிருக்கிறாள். திக்கினால் அவ்வளவுதான், போச்சு.

அவனுக்குக் கோயமுத்தூர் கணபதியில் இரும்பு கடையும் லேத் பட்டறை.

வாசலில் போர்டு: ‘மாதிரி கொடுத்தால் எதுவும் செய்து தரப்படும்.’

எதுவும் என்றால் எதுவும்தான். மில்லுக்கு ஸ்பிண்டில் செய்வான். கோயில் மணிக்கு நாக்கு செய்வான். கோயமுத்தூர்க்காரனிடம் ஒரு சாமானைக் காட்டிவிட்டு அவன் கை சும்மா இருக்கும் என்று நினைப்பது நம்முடைய தப்பு.

பழைய துண்டை அவள் துடைத்து வைத்திருந்தபோது அளவு எடுத்துவிட்டான். நேற்றே அதே மாதிரி ஒன்று செய்தும் முடித்துவிட்டான்; பையில் கனப்பது அதுதான். கடைச் சரக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வெளியே வந்ததும் அவள் கையில் வைத்து அசத்துவதாகத் திட்டம்.

“லைசென்ஸ் குடுங்க மேடம்” என்றார் கடைக்கார இம்தியாஸ் பாய்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏனுங்க பாய், ஒரு போல்ட்டு வாங்கறதுக்கு லைசென்ஸுங்களா? எங்க பக்கம் கிலோக் கணக்குல அள்ளிப் போடுவாங்க.”

“அது நட்டு போல்ட்டு சார். இது துப்பாக்கியோட பாகம். பாகமும் சட்டத்துக்குத் துப்பாக்கிதான். லைசென்ஸ் இல்லாம வாங்கினாத் தப்பு, வித்தாத் தப்பு. சொந்தமாச் செஞ்சா...”

பாய் சொல்லி முடிக்கவில்லை. இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து நீட்டிக் காட்டினார்.

அவனுக்குச் சிரிப்பு நின்றது.

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு மட்டும் வியர்த்தது.

“இதுல எதுங்க நல்லா இருக்குது? தொட்டுப் பாத்துச் சொல்லுங்க” என்றாள் அவள்.

தொட வேண்டுமென்றால் குனிய வேண்டும். குனிந்தான்.

டங்.

பை கண்ணாடியில் இடித்தது.

அவள் பையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேசையில் இருந்த துண்டைப் பார்த்தாள். மூன்றும் அவளுக்குச் சட்டென்று ஒரு கணக்காகக் கூடிவிட்டன. அட பாவி மனுஷா!

“பாக்கெட்ல என்ன சார்?” என்றார் பாய்.

அவன் வாய் திறந்தது. அவள் அவன் காலை மிதித்தாள்.

“இட்டிலிச் சட்டி மூடிக்கு மாட்டற கைப்புடிங்க பாய். மூணு வருசமாத் துணியச் சுத்தித்தான் தூக்கறேன். ஊருக்கெல்லாம் செஞ்சு குடுக்கற மனுசன், எனக்கு இப்பத்தான் செஞ்சிருக்கறாரு.”

புடி என்பதைத் தவிர எல்லாம் உண்மை. அது அவனுக்கு மிதிபட்ட காலைவிட அதிகமாக வலித்தது.

பாய் மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். பையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மேசையில இடதுபக்கம் இருக்கறதை எடுத்துக்கலாமுங்க” என்றான் அவன்.

பாய் அதையே பொட்டலம் கட்டி, லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்.

“புடியை மூடியில மாட்டினதும் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க மேடம். இன்னைக்கே.”

ஸ்கூட்டர் காந்திபுரம் சிக்னலுக்கு வந்தது. சிவப்பு விழுந்ததும் அவன் முதுகில் ஒன்று விழுந்தது.

“உள்ள தூக்கிப் போட்டிருந்தா? என்ற லைசென்ஸும் போயி, நீங்களும் போயி, நான் யாரைக் கூட்டிக்கிட்டுத் திருச்சிக்குப் போறது?”

“நீ ஜெயிக்கோணும்னுதான் அம்மிணி...”

அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. அந்த ஆள்மேல் கொள்ளை ஆசையும் வந்தது. பக்கத்தில் பஸ் நின்றதால் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

பட்டறையில் கதவைச் சாத்திவிட்டு, “காட்டுங்க” என்றாள்.

வழவழவென்று இருந்தது. பாய் கடையில் பார்த்த இரண்டையும்விட நன்றாக இருந்தது. ஒருமுறை, ஒரே ஒருமுறை மாட்டிப் பார்க்க அவளுக்குக் கை துறுதுறுத்தது.

அவன் கையிலேயே திருப்பி வைத்தாள்.

“லேத்துல போடுங்க.”

“நல்லாச் சுட்டிருக்கும் அம்மிணி” என்றான்.

அவள் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னால் லேத் சுற்றத் தொடங்கியது. இரும்புச் சுருள்கள் உதிர்கிற சத்தம் அடங்கும்வரை போர்டைப் படித்துக்கொண்டு நின்றாள். ‘எதுவும்’ என்பதற்கு முன்னால் ‘ஏறக்குறைய’ என்று எழுதச் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் போட்டோ போனது. அதே இரும்பில் கடைந்த குண்டுக் குமிழ், நடுவில் திருகாணி, பழைய இட்டிலிச் சட்டி மூடி.

பாயிடமிருந்து ஒரு வரி வந்தது: ‘பாகமும் சட்டத்துக்கு இட்டிலிச் சட்டிதான் மேடம். திருச்சியில ஜெயிச்சுட்டு வாங்க.’

சனிக்கிழமை விடியலில் ரைபிள் பெட்டி வாசலில் தயாராக இருந்தது. அவன் தட்டோடு உட்கார்ந்திருந்தான். மூன்று வருடத்தில் முதல்முறையாகத் துணி இல்லாமல் அவள் மூடியைத் தூக்கினாள்.

“ஸ்ஸ்ஸ்!”

முழு இரும்பு. மரம் வைக்க வேண்டும் என்று அந்தப் பெரிய கைகாரனுக்குத் தோன்றவே இல்லை.

அவன் பதறி எழுந்தான். அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். கண்ணில் நீர், முகமெல்லாம் சிரிப்பு.

“ஏனுங்க” என்றாள். “நல்லாத்தான் சுடுது.”