ஃபெயில் மாஸ்டர்

“டெஸ்ட்ல பாஸானா சாவி. இல்லேன்னா சாவிப் பேச்சையே எடுக்கக்கூடாது. சம்மதமா?” என்றார் அப்பா, காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

“லைசென்ஸ் வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு? இப்பப் போய் டெஸ்ட்டாப்பா?” என்றாள் மகள்.

“லைசென்ஸ் இருக்கறவங்க எல்லாம் ஓட்டத் தெரிஞ்சவங்களா? ரோட்ல பாத்தாலே தெரியலை?”

மகளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. சாவியை வாங்கிக்கொண்டு போகத்தான் அவள் வந்திருந்தாள். மறதி நோயின் ஆரம்பம் என்று டாக்டர் சொன்ன பிறகும் அப்பா காரை விடவில்லை. போன வாரம் மருந்து வாங்கப் போனவர், வீட்டுக்கு வழி தெரியாமல் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டு அவளுக்குப் போன் செய்தார். இன்று எப்படியாவது பேசி முடித்துவிடலாம் என்று வந்தால், மனிதர் டெஸ்ட் என்கிறார்!

அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். அவர் வைக்கும் டெஸ்ட்டில் தேறாத யாரையும் லைசென்ஸ் ஆபீஸ் பக்கமே அனுப்ப மாட்டார். அதனால் ‘ஃபெயில் மாஸ்டர்’ என்று பட்டப்பெயர். ஸ்கூலை மூடியபோது மற்ற வண்டிகளை விற்றுவிட்டு, இந்த ஒரு காரை மட்டும் வைத்துக்கொண்டார். ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் மாஸ்டருக்கு ஒரு பிரேக்.

“ரூல் ஞாபகம் இருக்கா? மாஸ்டர் பிரேக்கை ஒரு தடவை மிதிச்சாலும் ஃபெயில்.”

“அதை எப்படிப்பா மறக்க முடியும்? என்னை அழ வச்ச பிரேக்காச்சே!”

இருவரும் ஏறிக்கொண்டார்கள். பெல்ட், கண்ணாடி, நியூட்ரல் என்று அப்பா ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் ஒவ்வொன்றுக்கும் “சரி” சொன்னாள். கார் கிளம்பியது.

“பயமா இருக்கா?”

“இருக்குப்பா.”

“இருக்கணும். பயமே இல்லாதவன்தான் கொண்டுபோய் இடிப்பான்.”

தெருமுனையில் இண்டிகேட்டர் சரியாக விழுந்தது. கியர் சத்தமில்லாமல் மாறியது. அப்பாவின் முகத்தில் பழைய மாஸ்டர் களை வந்துவிட்டது.

“இன்னிக்குத்தான் நீ என்னை எதிர்த்துப் பேசியிருக்கே. நல்லா இருந்தது. டாக்டர் சொன்னதிலேர்ந்து நான் என்ன சொன்னாலும் எல்லாரும் தலையாட்டுறீங்க. எனக்கு வியாதியைவிட அதுதான் பயமா இருக்கு.”

“உள்ளுக்குள்ள எப்படிப்பா இருக்கு?” என்று முதல் முறையாகக் கேட்டாள்.

“நீங்க நினைக்கிற மாதிரி வழி மறந்துபோகலைம்மா. வழி நல்லாவே தெரியுது. அது எந்த வருஷத்து வழின்னுதான் தெரியலை.”

கடைத்தெரு வந்தது. அப்பாவின் குரலே இளசாகிவிட்டது.

“இந்த டாக்கீஸ் வாசல்லதான் உங்கம்மா வண்டியை நடுரோட்ல ஆஃப் பண்ணிட்டா. பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சுத் தள்றான். இவ என்னடான்னா, ‘அவருக்கு அவசரம்னா இறங்கி நடந்து போகச் சொல்லுங்க’ங்கிறா! அன்னிக்கு ஃபெயில் போட்டேன். அடுத்த தடவை அருமையா ஓட்டினா. அதுக்கும் ஃபெயில்.”

“அருமையா ஓட்டினா எதுக்குப்பா ஃபெயில்?”

“பாஸ் போட்டா அப்புறம் கிளாஸுக்கு வரமாட்டாளே!”

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா இருந்திருந்தால் இந்நேரம் இதற்கு ஒரு சண்டையே நடந்திருக்கும். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, அவள் சொன்னாள்.

“டாக்கீஸ் இல்லப்பா. அதை இடிச்சுத் துணிக்கடை கட்டி ரொம்ப நாளாச்சு.”

“அட, ஆமாம். நீ சொன்னதும் தெரியுது. சொல்றதுக்கு முன்னாடி வாசல்ல போஸ்டர்கூடத் தெரிஞ்சுது.”

கார் கடைத்தெருவைத் தாண்டியது. பிறகு அவரே ஆரம்பித்தார்.

“அடுத்த திருப்பத்துல மில் மைதானம். ஒரு ஈ காக்கா இருக்காது. உங்கம்மாவுக்கும் அங்கதான் முதல் பாடம், உனக்கும் அங்கதான்.”

கார் திரும்பியது.

மைதானம் இல்லை. பள்ளிக்கூடம் இருந்தது. மணி அடித்து, குழந்தைகள் பைகளோடு தெருவை நிறைத்துக்கொண்டு வந்தார்கள். “அப்பா!” என்று அவள் அலறினாள். மாஸ்டர் பிரேக் தரையோடு அழுந்தியது. வண்டி குலுங்கி நின்றது. எதிரே ஒரு சிறுமி தண்ணீர் பாட்டிலைக் கட்டிக்கொண்டு விழித்தாள், பிறகு ஓடிவிட்டாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

“ஃபெயில்” என்றார் அப்பா.

“அவசரப்படாதீங்கப்பா. இந்தத் திருப்பம் வரைக்கும் ஒரு தப்புகூட இல்லையே. இன்னொரு சான்ஸ் குடுக்கலாம்பா.”

“அந்தக் குழந்தைக்கு இன்னொரு சான்ஸ் உண்டாம்மா?”

அவர் இன்ஜினை அணைத்தார். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாஸ்டர் பிரேக்கிலிருந்து தன் காலை எடுத்தாள். அப்பா ஸ்டியரிங்கை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு இறங்கினார், காரைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்து, சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து, “நீ அந்தப் பக்கம் போய் உட்காரும்மா. இனிமே நீதான் ஓட்டணும்” என்றார்.