ரெண்டும் ஒண்ணுதான்

"ஏம்மா கல்பனா, நீ இங்கிலீஷ் டீச்சராச்சே. ட்ரீட்மென்ட்டுக்கும் க்யூருக்கும் என்னா வித்தியாசம்?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே கஜபதி மகளைக் கேட்டார். 'ட்ரீட்மென்ட் உண்டு, க்யூர் கிடையாது' என்று டாக்டர் கல்பனாவிடம் ரகசியமாகச் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

இந்த வித்தியாசத்தைத் தப்பாக எழுதும் பிள்ளைகளுக்கு மார்க்கைக் குறைப்பவள் கல்பனா.

"ரெண்டும் ஒண்ணுதான் நைனா."

"அப்போ குணமாயிடும்னு சொல்லு!" அம்மா புஷ்பலதா துள்ளி எழுந்தாள். "குணமானா முடி தரேன்னு முருகனுக்கு வேண்டிகினு இருந்தேன். கிளம்புடி, இப்பவே மலைக்குப் போலாம்."

அப்பா எதிரில் கல்பனா என்ன சொல்லித் தடுப்பாள்?

மலையில் முடி இறக்கும் இடத்தில், அம்மாவின் தலையில் தண்ணீர் தெளித்ததும் கல்பனா உடைந்துபோனாள்.

"வேணாம்மா. ரெண்டும் ஒண்ணு இல்ல. நைனாவுக்குக் குணமாவாது."

"தெரியும்டி. நர்ஸம்மா நேத்தே சொல்லிட்டாங்க."

"அப்புறம் எதுக்கும்மா மொட்டை?"

அம்மா கத்திக்குத் தலையைக் குனிந்துகொடுத்தாள்.

"நீ சொன்னதை அவரு நம்பலடி. உன் மூஞ்சியே காட்டிக்குடுத்துடுச்சி. என் தலையப் பார்த்தா நம்பிடுவாரு."