உட்காருங்க, துரை!

"ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துல, எல்லார் முன்னாடியும் உங்க நாய் சொன்ன பேச்சைக் கேட்டுக் காட்டணும். உட்காருன்னா உட்காரணும். இல்லேன்னா அது இந்தக் கட்டடத்துல இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டார். அந்த மனிதர் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

கீழ் வீட்டுத் தையல்காரர் திகைத்துப்போய் வாசலிலேயே நின்றார். அவர் காலடியில் குற்றவாளி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. பெயர் துரை. செய்த குற்றம், மொட்டை மாடிக் கொடியில் காய்ந்த செயலாளரின் பேண்ட்டைக் கவ்விக்கொண்டு மாடி மாடியாக ஊர்வலம் போனது.

"ஏங்க, துரையை அனுப்பினா நானும் கூடவே கிளம்பிடுவேன். சொல்லிட்டேன்," என்றாள் மனைவி. கண் கலங்கிவிட்டது.

"அழாதே. ஒரு வாரம் இருக்குல்ல? பழக்கிடலாம்."

அன்றைக்கே பாடம் ஆரம்பமானது.

"துரை, கொஞ்சம் உட்காருங்க."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "அது என்ன கஸ்டமரா? அதட்டிச் சொல்லுங்க!"

"வர மாட்டேங்குதே! கடைக்கு வர்றவங்களை உட்காருங்க, உட்காருங்கன்னு சொல்லியே வாய் பழகிப்போச்சு." மறுபடி முயன்றார். "துரை, உட்காருங்களேன். இதோ ஆயிடும்."

துரை கொட்டாவி விட்டது. தையல்காரர்கள் சொல்லும் 'இதோ ஆயிடும்' எப்படிப்பட்டது என்று அதற்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"தள்ளுங்க. உட்காரு!" என்று மனைவி ஓர் அதட்டல் போட்டாள். தையல்காரர் உட்கார்ந்துவிட்டார். துரை நின்றுகொண்டே இருந்தது.

பிஸ்கட்டைக் காட்டினால் எந்த நாயும் பணியும் என்று யாரோ சொன்னார்கள். காட்டினார். துரை மோந்துகூடப் பார்க்கவில்லை. கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு எழுந்தவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"கவலையில பசியே போயிடுச்சு பாருங்க, பாவம்! காலையில அதை மாடியில கட்டிப்போட்டுட்டு வர்றோம். அந்த மனுஷன் வேற வாக்கிங்னு அங்கேயேதான் சுத்தறாரு. என்ன முறை முறைக்கிறாரோ!"

இதையே அவள் படிக்கட்டில் செயலாளரின் மனைவியிடமும் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"அந்த ஆளைப் பத்தி என்கிட்டயா சொல்ற? சர்க்கரை வியாதிக்காரர். வீட்ல பிஸ்கட் பாக்கெட் பாக்கெட்டா காணாமப் போகுது. திருடித் தின்னுறீங்களான்னு கேட்டா, கல்லுப் பிள்ளையார் மாதிரி நிக்கறாரு. இந்த லட்சணத்துல உங்க நாய்க்கு ஒழுக்கம் கத்துக்கொடுக்க வந்துட்டாரு!"

துரையின் எதிரிக்கு வீட்டில் இப்படிப் பூசை விழுகிறது என்பதில் தையல்காரர் மனைவிக்கு ஓர் அற்ப சந்தோஷம். ஆனால் அதை வைத்துக்கொண்டு நாயை உட்கார வைக்க முடியாதே!

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு எல்லோரும் கூடிவிட்டார்கள். தையல்காரர் பதற்றத்தில் கழுத்து டேப்பைக்கூட எடுக்காமல் வந்திருந்தார்.

"துரை, உட்காருங்க."

துரை காதைச் சொறிந்தது.

"துரை, மானத்தை வாங்காதீங்க. ப்ளீஸ்."

கூட்டம் சிரித்தது. துரையோ செயலாளர் இருந்த பக்கமாகவே சங்கிலியை இழுத்தது.

"பாருங்க, கடிக்கப் பாயுது!" என்றார் பொருளாளர்.

"என்ன சார், முடிவு சொல்லுங்க," என்றார்கள் நாலைந்து பேர்.

செயலாளர் எழுந்தார். தையல்காரரைப் பார்த்தார். தையல்காரர் மனைவியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"சட்டம்னா சட்டம்தான். இந்த நாய்..." என்று விரலை நீட்டினார்.

அவ்வளவுதான். துரை தடாலென்று சாய்ந்தது. நாலு காலும் மேலே, நாக்கு வெளியே. அசைவே இல்லை.

"ஐயோ! ஒரே ஒரு விரலை நீட்டி என் பிள்ளையைக் கொன்னுட்டாரே!" என்று தையல்காரர் மனைவி அலறினாள். தையல்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பொருளாளர் தண்ணீருக்கு ஓடினார்.

செயலாளர் நீட்டிய விரலை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு வழியில்லாமல் குனிந்து, யாருக்கும் கேட்காது என்ற நம்பிக்கையில் சொன்னார்.

"போதும்டா செல்லம். எழுந்திரு."

துரை துள்ளி எழுந்தது. நேராக அவர் பேண்ட் பாக்கெட்டுக்குள் மூக்கை விட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்து நொறுக்கித் தின்றது.

செயலாளரின் மனைவிதான் முதலில் பேசினாள்.

"அட பாவி மனுஷா! திருடன்னு நான் அத்தனை திட்டு திட்டினேனே, வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

செயலாளர் காது சிவக்க, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நாய் சொன்ன பேச்சைக் கேட்குது. எல்லாரும் பார்த்தீங்க. அது இங்கேயே இருக்கலாம். கூட்டம் முடிஞ்சுது."

பொருளாளர் விடவில்லை. "ஆனா உட்காரலையே, சார்?"

"நான் என்னய்யா பண்ணட்டும்? டெய்லருக்கு அதட்ட வராதுன்னுதான், ஒரு வாரமா மாடியில தரையைக் காட்டிக் காட்டி நானே அதுக்கு உட்காரச் சொல்லிக்கொடுத்தேன். அதுக்குச் சாகத்தான் வந்துச்சு!"